எரித்த கோட்டு கடைவீதிக்கு வந்தது

அத்தியாயம் ஏழு

பேயைக் கண்டுபிடிக்க எங்களுக்குக் கிடைத்த அவகாசம் மூன்றரை மணி நேரம். பேய் இருந்தால் யாரையும் சுடமாட்டார்கள். பேய் இல்லையென்றால் நண்பகலில் தையல்காரர் கெங்கைச் சுடுவார்கள். தளபதி பாங் கட்டி ஆளும் மூன்று மாவட்டங்களில் சட்டம் இவ்வளவு தெளிவாக இருப்பது அபூர்வம் என்பதால், நானும் தாவ் அக்காவும் வாயை மூடிக்கொண்டு கேட்டோம்.

என் பெயர் நியூ. இருபது வருடம் நாடக மேடையில் கோமாளி வேஷம் கட்டியவன். மேடையில் சிரிப்பு மூட்ட முன் அனுமதி வேண்டும் என்று தளபதி உத்தரவு போட்ட பிறகு தொழில் படுத்துவிட்டது. தாவ் அக்கா நீதிபதி அலுவலகத்தில் முப்பது வருடம் இருந்தவர். இறந்துபோன பெண்களைப் பார்த்து, காரணம் எழுதி, துணி உடுத்தி அனுப்புவது அவர் வேலை. இப்போது காணாமல் போனவற்றைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறார். கால்நடை, நகை, கணவன் எதுவானாலும் சரி.

தளபதி பெரிய கூடத்தில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு காலி நாற்காலி, அதன் முன்னால் ஆவி பறக்கும் தேநீர். அது அவர் மனைவி வென்லானுடைய இடம். அந்த அம்மாள் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. தளபதி அவ்வப்போது "வென்லான்!" என்று உள்பக்கம் பார்த்துக் கத்துவார். காரியதரிசி ஃபெய் உடனே குனிந்து, "வந்துகிட்டிருக்காங்க தளபதி" என்பார். முதல் வருடம் ஒரு வேலைக்காரன் மட்டும் விவரம் தெரியாமல் "அவங்கதான் இல்லையேங்க" என்று உண்மையைச் சொன்னான். அவனும் இப்போது இல்லை.

"பத்தாம் மாசம் முதல் தேதி," என்றார் தளபதி. "ஊரே செத்தவங்களுக்குக் குளிர்காலத் துணி எரிச்சுது. மத்தவனெல்லாம் காகிதத்துல சட்டை வெட்டி எரிப்பான். என் பொண்டாட்டிக்கு நான் காகிதத்தையா அனுப்புவேன்? பஞ்சு வெச்சு, பட்டு போட்டு, நிஜக் கோட்டு. கெங் தெச்சான். காகித உறையில வெச்சு நானே என் கையால நெருப்புல போட்டேன். மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு பத்த வெச்சது, பொழுது சாயற வரைக்கும் கனிஞ்சுகிட்டே இருந்துச்சு. நான் எந்திரிக்கவே இல்ல."

"நேத்து?" என்றார் தாவ் அக்கா.

"நேத்து அதே கோட்டு கடைவீதியில நடந்து போவுது! கருநீலம், கைமுனையில வெள்ளை ப்ளம் பூ. என் சிப்பாய்ங்க ரெண்டு பேர் பாத்திருக்கானுங்க."

"பிடிக்கலையா?"

"வீரனுங்க ஓடிட்டானுங்க." தளபதி தேநீரைப் பார்த்தார். "அவ வென்லானா இருந்தா, கெங் வீட்டுக்குப் போகலாம். வேற எவளாவதா இருந்தா, கெங் எனக்குக் காகிதத்தைக் குடுத்து ஏமாத்திட்டு நிஜத்தை வித்திருக்கான். மத்தியானம் சுவத்துல நிக்க வெச்சிடுவேன்."

"அந்தப் பொம்பளைய?"

"அவளை மட்டும் வெத்தல பாக்கு வெச்சா அனுப்புவேன்? அவளையும்தான்."

அவர் குரலில் கோபம் இருந்தது. கண்ணில் இருந்தது ஆசை. அது பேயாகவே இருந்துவிட வேண்டும் என்று அந்த மனிதர் தவித்துக்கொண்டிருந்தார். ஊரையே நடுங்க வைத்தவர் ஒரு பேய்க்காக ஏங்குவதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்தது. அனுமதி வாங்காததால் சிரிக்கவில்லை.

சிறையில் கெங் வைக்கோல்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து காவல்காரனின் கால்சட்டைக் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். காவல்காரன் உள்ளாடையோடு துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு வெளியே குளிரில் நின்றான். மூன்று மணி நேரத்தில் சாகப்போகிறவரிடம் வேலை வாங்க அவனுக்குக் கூச்சம் இல்லை. தையல் நேராக இருக்க வேண்டும் என்பதில் கெங்குக்கும் அக்கறை குறையவில்லை.

"என்ன பெரியவரே, கடைசி வேலை இதுதானா?" என்றேன்.

"என் தலையெழுத்து, ஒரு சிப்பாயோட பின்பக்கம்," என்றார் கெங். "நான் என்னய்யா தப்பு பண்ணேன்? நான் தெச்சேன், அவர் எரிச்சாரு, அந்தம்மா போட்டுகிட்டாங்க. அதுக்குத்தான எரிக்கிறது? அனுப்பின சாமான் ஒழுங்கா போய்ச் சேர்ந்ததுக்கு ஆளைச் சுடற ஊரு இது ஒண்ணுதான்!"

"நிஜமாவே பேய்தான்னு நம்பறீங்களா?" என்று கேட்டார் தாவ் அக்கா.

"காலையிலேர்ந்து நம்பறேன்."

"காகிதத்தைக் குடுத்தீங்களா?"

கெங் ஊசியைக் கீழே வைத்தார். "நாப்பது வருஷமா உயிரோட இருக்கறவங்களுக்கும் தைக்கிறேன், செத்தவங்களுக்கும் தைக்கிறேன். உயிரோட இருக்கறவனை ஏமாத்தினா சண்டைக்கு வருவான். செத்தவங்களை ஏமாத்தினா எங்க போய் ஒளியறது? அந்தம்மா இருந்தப்ப ஒண்ணு தெச்சுக் குடுத்தேன். அதே துணி, அதே பூ, அதே அளவுன்னு உத்தரவு. அப்படியேதான் தெச்சேன். என் பேரனுக்கு இன்னும் ஒரு மாசத்துல கல்யாணம். நான் எதுக்கும்மா இந்த ஆளோட விளையாடப் போறேன்?"

"கால்சட்டை ஆச்சா?" என்று வெளியிலிருந்து குரல் வந்ததும் மறுபடி ஊசியை எடுத்துக்கொண்டார்.

தெருவுக்கு வந்ததும் நான் சொன்னேன். "அக்கா, ரொம்ப சுலபம். பேய்னு சொல்லிடுவோம். கெங் வீட்டுக்குப் போவாரு, தளபதி சந்தோஷமா அழுவாரு, நாம நூடுல்ஸ் சாப்பிடப் போவோம்."

"அடுத்த வாரம் அந்தப் பேய் மறுபடியும் கடைவீதிக்கு வரும். இந்தத் தடவை ஓடாத சிப்பாய் ஒருத்தன் இருப்பான். அப்புறம் கெங், அவ, நீ, நான். சுவரு நீளமானதுதான்யா நியூ. எல்லாருக்கும் இடம் இருக்கு."

கடைவீதியில் பன் வேகவைத்து விற்பவன் ஒரே இரவில் பெரிய மனிதனாகியிருந்தான். பேய்க்கு விற்ற கடை என்று அவனைச் சுற்றிக் கூட்டம்.

"எப்படி இருந்துச்சு பேய்?" என்றேன்.

"வெள்ளை முகம், கால் தரையில படலை, கண்ணு ரெண்டும் நெருப்பு!"

"என்ன வாங்கிச்சு?"

"ரெண்டு பன்."

"எப்படித் தின்னுச்சு?" என்றார் தாவ் அக்கா.

"ஊதி ஊதித் தின்னுச்சு. சுடச்சுட எடுத்துக் குடுத்தேன்ல."

"கண்ணுல நெருப்பு வெச்சிருக்கறது வாயில சூடு தாங்காதாக்கும்," என்றேன். கூட்டம் சிரித்தது. அவன் முறைத்தான்.

"ஒண்ணுதான் தின்னுச்சு," என்றான் விடாமல். "இன்னொண்ணை மடியில வெச்சுகிட்டுப் போயிடுச்சு. காசும் இல்லை அதுகிட்ட. பன்னுக்கு பதிலா ரெண்டு முள்ளங்கி குடுத்துச்சு. நல்ல வேளை, இன்னும் சமைக்கலை. பேய் முள்ளங்கி, பாருங்க!"

தாவ் அக்கா முள்ளங்கியைக் கையில் எடுத்தார். பச்சை முள்ளங்கி. இலைக்காம்பு இன்னும் வாடவில்லை, இடுக்கில் ஈர மணல். நகரத்தைச் சுற்றி எல்லாம் களிமண். மணலில் விளையும் முள்ளங்கி கால்வாயின் மேல்பக்கத்திலிருந்து படகில்தான் வரும்.

"ஒண்ணைத் தின்னுட்டு ஒண்ணை மடியில வெச்சுகிட்டுப் போனா, அதுக்கு வீட்ல குழந்தை இருக்கு," என்றார் தாவ் அக்கா. "பேய்க்கு முள்ளங்கித் தோட்டம் கிடையாது. படகுத்துறைக்கு நட."

துறையில் முள்ளங்கிப் படகு ஒன்றே ஒன்று நின்றது. முள்ளங்கிக் குவியலுக்குப் பின்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். கருநீலக் கோட்டு, இடுப்பில் கயிறு, கைமுனையில் வெள்ளை ப்ளம் பூ. முப்பது வயதுகூட இருக்காது. பழைய பஞ்சுச் சட்டை ஒன்றை வெட்டிச் சின்னதாக்கி அதற்குள் ஒரு பெண்குழந்தையைப் பொதிந்து மடியில் வைத்திருந்தாள். பெயர் லியென் என்றாள்.

"கோட்டு புதுசா இருக்கே," என்றார் தாவ் அக்கா.

"இந்த வருஷம்தான் போட்டேன். என் சட்டையை இவளுக்கு வெட்டிட்டேன். ரெண்டு வருஷமா மடிச்சு வெச்சிருந்தேன், எனக்கெல்லாம் இது..." அவள் சட்டென்று நிறுத்தினாள். "நீங்க யாரு?"

தாவ் அக்கா அவள் பக்கத்தில் உட்கார்ந்து கோட்டின் அடியைத் திருப்பிப் பார்த்தார். உள்தையலில் விரலை ஓட்டினார். பிறகு பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தொட்டார், பையில் கை விட்டார். நானும் எட்டிப் பார்த்தேன். கெங்கின் தையலேதான், சந்தேகமே இல்லை. கால்சட்டையில் பார்த்த அதே நேர்கோடு. ஒவ்வொரு நூல் முனையிலும் சின்னதாக, அழுத்தமாக ஒரு முடிச்சு.

"தொலைஞ்சாரு கிழவர்," என்றேன். "இது நிஜக் கோட்டேதான்."

தாவ் அக்கா என்னைப் பார்க்கவில்லை. அவர் முகம் வெளுத்திருந்தது. இத்தனை பிணங்களைப் பார்த்த பெண்மணி, ஒரு தையலைப் பார்த்து வெளுத்துப் போனதை நான் அதுவரை கண்டதில்லை.

"நீ யாருகிட்டேர்ந்து வாங்கினேன்னு என்கிட்ட சொல்ல வேண்டாம்," என்றார் மெல்ல. "எனக்குத் தெரிஞ்சு போச்சு. லியென், உன்கிட்ட படகு இருக்கு. மேல்காத்தும் அடிக்குது. இப்ப கிளம்பினா எல்லை தாண்டிடலாம். நான் உன்னைப் பாக்கலை. ஆனா இந்தக் கோட்டுக்காக மத்தியானம் ஒரு தையல்காரரைச் சுடப் போறாங்க. அவர் ஒரு தப்பும் பண்ணலை. நீ வந்து நின்னு வாயைத் திறந்தா அவர் பிழைப்பாரு. நீ பிழைப்பியான்னு என்னால சொல்ல முடியாது."

லியென் வெகுநேரம் முள்ளங்கிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாம் ஏற்கெனவே ஒழுங்காகத்தான் அடுக்கியிருந்தன.

"இதைக் குடுத்தவங்க நல்லவங்க," என்றாள் கடைசியில். "அவங்க குடுத்ததுக்கு ஒரு ஆள் சாகக் கூடாது." எழுந்து குழந்தையைப் பக்கத்துப் படகுக்காரியிடம் கொடுத்தாள். "பொழுது சாயறதுக்குள்ள வந்துடுவேன்," என்று அவளிடம் சொன்னாள். எங்களிடம் திரும்பி, "வந்துடுவேன்ல?" என்றாள்.

தாவ் அக்கா அவள் இடுப்புக் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டார்.

மாளிகை முற்றத்துக்கு நாங்கள் போனபோது பனி விழத் தொடங்கியிருந்தது. கெங்கைச் சுவரோரம் நிறுத்திவிட்டார்கள். காவல்காரன் தைத்த கால்சட்டையைப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றான். தளபதி தோலங்கி போர்த்திக்கொண்டு படியிறங்கி வந்தார். லியென் அவருக்கு முதுகைக் காட்டி நின்றாள். அவர் கண்ணுக்குக் கோட்டு மட்டும்தான் தெரிந்தது.

"வென்லான்," என்றார். கத்தவில்லை. முதல் முறையாக அவர் குரல் சின்னதாக இருந்தது.

"வந்துகிட்டிருக்காங்க தளபதி," என்றார் ஃபெய், பழக்க தோஷத்தில்.

லியென் திரும்பினாள். தளபதி அந்த முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு காதுவரை சிவந்து, "சுடுங்கடா! ரெண்டு பேரையும்!" என்றார்.

"சுடறதுக்கு முன்னால ஒரு கேள்வி," என்றார் தாவ் அக்கா. "நீங்க எரிச்சது எவ்வளவு நேரம் கனிஞ்சுது?"

"காலையிலேயே சொன்னேனே கிழவி! பொழுது சாயற வரைக்கும்."

"காகிதக் கோட்டுன்னா நீங்க ரெண்டு தடவை மூச்சு விடறதுக்குள்ள சாம்பலாயிருக்கும். பஞ்சுதான் அத்தனை நேரம் கனியும். நீங்க எரிச்சது நிஜக் கோட்டு. அது எரிஞ்சு போச்சு. நீங்களே சாட்சி." கெங் பக்கம் திரும்பினார். "பெரியவரே, எரிச்ச கோட்டுல எத்தனை பொத்தான் வெச்சீங்க?"

கெங்குக்குச் சாவுபயம் போய்விட்டது. "பொத்தானா? செத்தவங்க துணியிலயா? அம்மா, சுடறதுன்னா சுடட்டும், இப்படி நாலு பேர் முன்னால என்னை அவமானப்படுத்தாதீங்க! நாடாதான் வெச்சேன். பை வைக்கலை. நூல்ல ஒரு முடிச்சு கிடையாது. முடிச்சுப் போட்டா ஆவி அதுல சிக்கிக்காதா?"

"இந்தக் கோட்டுல பொத்தான் ஏழு," என்றார் தாவ் அக்கா. "பை ரெண்டு. முடிச்சு நான் எண்ணினதே இருபது. இவர் கைத்தையல்தான். ஆனா செத்தவங்களுக்குத் தெச்சது இல்ல. வென்லான் அம்மா உயிரோட இருந்தப்ப அவங்களுக்குத் தெச்சது."

ஃபெய் தன் செருப்பைப் பார்த்தார்.

"அந்தக் கோட்டு எங்கன்னு நீங்க இந்த ரெண்டு வருஷத்துல ஒரு தடவையும் கேக்கலை," என்றார் தாவ் அக்கா. "கேட்டா எங்க போச்சுன்னு சொல்லணும். எதுக்குப் போச்சுன்னு சொல்லணும். காய்ச்சல்ல செத்தாங்கன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்தான், தளபதி. அவங்க விரல் பத்தும் கறுத்திருந்துச்சு. மெத்தையில படுத்து வர்ற காய்ச்சல்ல விரல் கறுக்காது, பனியில நின்னு உறைஞ்சாத்தான் கறுக்கும். உசுருக்குப் பயந்து எழுதினேன். அன்னியிலேர்ந்து எனக்கும் சரியா தூக்கம் இல்லை."

நான் சுவரைப் பார்த்தேன். அக்கா சொன்னது சரிதான், நீளமான சுவர்.

தளபதி லியெனிடம் கேட்டார். "உனக்கு எப்படிக் கிடைச்சுது?"

"என் வீட்டுக்காரரைப் படைக்குப் பிடிச்சுகிட்டு வந்தாங்க. தப்பி ஓடப் பாத்தாருன்னு சுடப் போறதா சொன்னாங்க. பன்னண்டாம் மாசம். நான் இந்த வாசல்ல மூணு நாள் நின்னேன். மூணாம் நாள் அந்தம்மா வெளியில வந்தாங்க. 'உன் புருஷனைக் காப்பாத்த என்னால முடியலை, என்னை மன்னிச்சிடு'ன்னு சொல்லிட்டு, இதைக் கழட்டி எனக்குப் போட்டுவிட்டாங்க. மறுநாள் அவரைச் சுட்டுட்டாங்க. நான் ஊருக்குப் போயிட்டேன். அந்தம்மா செத்ததே எனக்கு இந்த வருஷம்தான் தெரியும்."

தளபதி பேச ஆரம்பித்தபோது யாரிடம் பேசுகிறார் என்று தெரியவில்லை. "கோட்டைத் தூக்கிக் குடுத்துட்டு வந்து நிக்கறா. எல்லாரும் பாத்துகிட்டிருக்கானுங்க. கோட்டு வேண்டாம்னா இப்படியே முத்தத்துல நில்லுன்னேன். ஒரு மணி நேரம்னுதான் நினைச்சேன். குடிச்சேன். தூங்கிட்டேன்." திடீரென்று ஃபெய் பக்கம் பாய்ந்தார். "விடிய விடிய நின்னிருக்கா! இந்த வீட்ல நாப்பது பேர் இருந்தீங்களேடா! எவனாவது அவளை உள்ள கூட்டிட்டுப் போயிருக்கலாமே?"

"உத்தரவு இல்லைங்க தளபதி," என்றார் ஃபெய்.

அதைக் குத்தலாகச் சொல்லவில்லை அவர். கேட்ட கேள்விக்குப் பணிவாகப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

தளபதி மறுபடி லியெனிடம் திரும்பினார். "குடுக்கும்போது வேற என்ன சொன்னா?"

லியென் தயங்கினாள்.

"சொல்லு."

"நான் வேண்டாம்னேன். உங்களுக்குக் குளிருமேன்னேன். அதுக்கு, 'பரவாயில்லை, போட்டுக்கோ, உள்ள போனா என் வீட்டுக்காரர் எனக்கு வேற ஒண்ணு குடுப்பாரு'ன்னு சொன்னாங்க."

பனி தளபதியின் மீசையில் விழுந்தது. துடைக்கவில்லை. கையை நீட்டினார்.

"கோட்டைக் கழட்டு. எனக்கு வேணும்."

லியென் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தாள். முதல் பொத்தானில் கை வைத்தாள். உள்ளே அவள் போட்டிருந்தது ஒரு மெல்லிய பருத்திச் சட்டை.

"இந்த முத்தத்துல இது ரெண்டாவது பொம்பளை, தளபதி," என்றார் தாவ் அக்கா.

இவ்வளவுதான் சொன்னார். இதற்குச் சுடுவார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். நண்பகலை அறிவிக்கும் பீரங்கி வெடித்தது. கெங் துள்ளினார், நான் துள்ளினேன், கால்சட்டைக்காரனும் துள்ளினான். கண்ணைத் திறந்தபோது தளபதியின் கை கீழே தொங்கியிருந்தது.

"பொத்தானைப் போடு," என்றார் லியெனிடம். "போ. எல்லாரும் போங்க."

நாங்கள் ஓடவில்லை, ஓடுவது போல நடந்தோம். கெங் தன் காலால்தான் நடக்கிறோமா என்று குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார். லியென் திரும்பியே பார்க்காமல் படகுத்துறைப் பக்கம் போனாள். வாசல் காவலர்கள் கோட்டைப் பார்த்ததும் தலை குனிந்து வழிவிட்டார்கள். அவர்களுக்கு இன்னும் விவரம் தெரியாது.

வாசலைத் தாண்டும்போது நான் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். தளபதி தோலங்கியைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு முற்றத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். பனி கூடிக்கொண்டிருந்தது. தாழ்வாரத்தில் நாற்பது பேரும் வரிசையாக நின்றார்கள். ஃபெய் கையில் கம்பளி இருந்தது, உள்ளே கணப்பு எரிந்துகொண்டிருந்தது. தளபதியின் உதடு நீலமாகிக்கொண்டிருந்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

யாரும் அவரை உள்ளே கூப்பிடவில்லை. உத்தரவு இல்லை.